படகைப் பக்கவாட்டில் நகர்த்துவது எப்படி?

க்ரோயேஷியாவின் அட்ரியாட்டிக் கரையில் உள்ள மெரினாக்களில், அதாவது படகுத் துறைகளில், உல்லாசப் படகுகள் பெரும்பாலும் கரையோடு பக்கவாட்டில் ஒட்டி நிற்பதில்லை. பின்புறம் கரையைத் தொட, முன்முனை கடலைப் பார்க்க, வரிசையாக நெருக்கி நிறுத்துகிறார்கள். அதனால் வருகிற படகு, இரண்டு படகுகளுக்கு நடுவில் இருக்கும் சந்துக்குள் ரிவர்ஸில் நுழைய வேண்டும். காற்றில்லாத நாளில் இது பெரிய வேலையில்லை. வடகிழக்கிலிருந்து ‘பூரா’ காற்று விட்டுவிட்டு அறைகிற நாளில், பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லாம் ரப்பர் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிடுவார்கள்.

சிக்கலின் வேர் சுக்கானில் இருக்கிறது. தண்ணீர் அதன்மேல் பாய்ந்தால்தான் சுக்கான் படகைத் திருப்பும். முன்னால் போகும்போது, வேகம் குறைவாக இருந்தாலும் ப்ரொப்பெல்லர் தள்ளும் நீர் நேராகச் சுக்கானில் மோதும். ரிவர்ஸில் அந்த நீர் முன்பக்கமாகப் போய்விடுகிறது, வேகம் பிடிக்கும்வரை சுக்கானுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. போதாததற்கு, சுழலும் ப்ரொப்பெல்லர் படகின் பின்புறத்தைக் கொஞ்சம் பக்கவாட்டிலும் இழுக்கும். முன்னால் போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் வகை என்றால், ரிவர்ஸில் பின்புறம் இடப்பக்கம் ஒதுங்கும். அனுபவசாலிகள் இதையே சாதகமாக்கிக்கொள்வார்கள். காற்று எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் அவர்களுக்கும் கஷ்டம்தான்.

முன்முனையில் த்ரஸ்டர் வைப்பது பலரும் செய்கிற முதல் வைத்தியம். படகின் குறுக்கே, நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு குழாய், அதற்குள் சின்ன ப்ரொப்பெல்லர், மேலே மின்மோட்டார். ஒரு பக்கம் நீரைத் தள்ளினால் முன்முனை மறுபக்கம் போகும். ஆனால் போவது முன்முனை மட்டும்தான். மேஜைமேல் ஒரு ஸ்கேலை வைத்து, ஒரு நுனியை விரலால் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள். மறுநுனி எதிர்ப்பக்கமாக நகரும். உராய்வில்லாத சீரான தண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டால், தட்டிய நுனி நகரும் வேகத்தில் பாதி வேகத்தில் மறுநுனி எதிர்த்திசையில் போகும் என்று வருகிறது. படகைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் அளவு மாறலாம், குணம் மாறாது. முன்னால் உதவி செய்த த்ரஸ்டர், பின்னால் பக்கத்துப் படகின்மேல் இடிக்க வைத்துவிடும்.

பின்புறத்திலும் ஒரு த்ரஸ்டர் வைத்தால் கணக்கே வேறு. இரண்டையும் ஒரே திசையில் இயக்கினால் படகு திரும்பாமல் பக்கவாட்டில் நகரும். எதிரெதிராக இயக்கினால் இருந்த இடத்திலேயே சுழலும்.

சரி, எவ்வளவு விசை வேண்டும்? 10 மீட்டர் நீளமுள்ள, கேபின் வைத்த மோட்டார் படகின் பக்கவாட்டுப் பரப்பு தோராயமாக 15 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று அதன்மேல் சுமார் 23 கிலோ விசையோடு அழுத்தும். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு, அதாவது 90 கிலோவைத் தாண்டும். காற்று விநாடிக்கு 15 மீட்டருக்குப் போனால் 200 கிலோவுக்கு மேல்! முன்னும் பின்னும் 60 கிலோ தள்ளுவிசை தரும் த்ரஸ்டர்கள் இருந்தால் இரண்டாவது காற்று வரை சமாளிக்கலாம், மூன்றாவதில் முடியாது. கடையில் வாங்கும்போது மிதமான காற்றை மனதில் வைத்து வாங்குகிறோம், படகு அடிபடுவதோ திடீர்க் காற்றில்தான்.

மின்சாரப் பக்கம்தான் பலரும் ஏமாறும் இடம். 60 கிலோ ரகத்து 12 வோல்ட் மோட்டார் ஓடும்போது 300 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 350 என்று வைத்தால்கூட, இரண்டு நிமிடம் ஓடினால் செலவாவது 12 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. ஆக பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது வயருக்குத்தான். வழியில் வெறும் 0.003 ஓம் மின்தடை இருந்தாலே ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும், தள்ளுவிசையும் அதோடு போகும். அதனால் கேபிள் தடியாகவும் நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும். பல படகுகளில் எஞ்சினும் பேட்டரியும் பின்னால்தான் இருக்கின்றன, அந்த வகையில் பின்புற த்ரஸ்டருக்கு இது வசதி.

கார்பன் பிரஷ் வைத்த சாதாரண மோட்டாரைத் தொடர்ந்து இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்ட முடியாது, சூடேறி நின்றுவிடும். பிரஷ் இல்லாத புது ரகங்கள் அதிக நேரம் ஓடும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். விலையும் அதற்கேற்ற மாதிரிதான். நார்வேயின் ஸ்லெய்ப்னெர், நெதர்லாந்தின் வீட்டஸ் இரண்டும் இந்த ரகங்களைத் தயாரிக்கின்றன.

பின்புற த்ரஸ்டரைப் பொருத்தும்போது, முன்புறத்தில் போல படகின் உடலைக் குறுக்கே துளைத்துக் குழாய் செலுத்துவது இல்லை. பின்பலகையின் வெளிப்பக்கத்தில் ஒரு குட்டைக் குழாயைப் பொருத்தி, மோட்டாரை உள்பக்கம் வைப்பார்கள். குழாய் படகின் அடிமட்டத்தைவிடக் கீழே இறங்கினால் வேகமாகப் போகும்போது தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும். மேலே போனால் காற்றை உறிஞ்சும், விசை விழும். குழாயின் விட்டம் அளவுக்காவது நீர் அதன்மேல் நின்றால் நல்லது. அங்கேயே படகின் சாய்வைச் சரிசெய்யும் ட்ரிம் டேப் தகடுகளும், ப்ரொப்பெல்லரைத் தாங்கித் தண்ணீரில் இறங்கும் எஞ்சின் காலும் இடம் பிடித்திருக்கும். வெளியேறும் நீர் அவற்றில் மோதினால் பாதி வேலை வீணாகும். எஞ்சின் பெட்ரோலில் ஓடுவதாக இருந்தால், எரிபொருள் ஆவி தங்கும் அறையில் பிரஷ் மோட்டாரின் தீப்பொறி விபரீதம். தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்ட ரகத்தைத்தான் அங்கே வைக்க வேண்டும், இதில் பேரம் கூடாது.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை என்பேன். இரட்டை எஞ்சின் இருந்தால் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் இயக்கியே பின்புறத்தைத் திருப்பலாம். பின்பலகையில் மாட்டும் எஞ்சினான அவுட்போர்டிலும், எஞ்சின் உள்ளேயும் கால் வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவிலும் ப்ரொப்பெல்லரே திரும்புவதால் ரிவர்ஸிலும் படகு சொன்னபடி கேட்கும். கரையோடு பக்கவாட்டில் நிறுத்துகிறவர்களுக்கு, ஒரு கயிற்றைச் சரியான இடத்தில் கட்டி எஞ்சினால் மெல்ல இழுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஒற்றை எஞ்சின், நிலையான ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு), உயரமான கேபின், நெருக்கமான மெரினா: இந்த நான்கும் சேர்ந்தவருக்குத்தான் காசு உண்மையில் வசூலாகும்.

வைத்த பிறகு இரண்டு மூன்று நாட் (மணிக்கு சுமார் நான்கைந்து கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது. படகு நகர நகர, குழாயிலிருந்து வரும் நீரோட்டம் பின்னுக்கு வளைந்து பலன் குறைந்துவிடும். சின்னச் சின்னத் தட்டல்களாக இயக்கி, ஒவ்வொன்றுக்கும் படகு என்ன செய்கிறது என்று பார்ப்பதே முறை. அப்புறம் வருடா வருடம் படகைக் கரையேற்றும்போது குழாய்க்குள் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, த்ரஸ்டரின் ப்ரொப்பெல்லரைத் தாங்கும் கியர் காலில் இருக்கும் துத்தநாகக் கட்டியை மாற்ற வேண்டும். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்வதே அந்தக் கட்டியின் வேலை என்பதால், அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் கியர் கால் அரிக்கப்படும்.