லார்கோ, கிராந்தே, தமாஞோ: ஸ்பானிய மொழியின் ‘பெரிய’ சொற்கள்

பிக், லார்ஜ், கிரேட் என்று ஆங்கிலம் மூன்றாகப் பிரிப்பதைத் தமிழ் ‘பெரிய’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஸ்பானிய மொழியும் ஏறத்தாழ அப்படியே. ‘கிராந்தே’ என்பது அங்கே மூன்றுக்கும் பொருந்தும். ஆயினும் லார்ஜ் என்ற சொல்லைக் கண்டதும், ஒலி ஒப்புமையில் மயங்கி ‘லார்கோ’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. அது பிழை. லத்தீனில் ‘தாராளமான, ஏராளமான’ என்று பொருள்பட்ட ‘லார்குஸ்’ என்ற வேரிலிருந்தே இரண்டும் பிறந்தன; ஆனால் அவ்வேர் பிரெஞ்சில் அகலத்தையும், ஆங்கிலத்தில் பருமனையும், ஸ்பானியத்தில் நீளத்தையும் குறிக்கலாயிற்று. ஆகவே லார்ஜ் அளவுச் சட்டையை ‘கமிசா லார்கா’ என்றால் நீளச் சட்டை என்றே பொருள்படும். ‘தாய்யா கிராந்தே’ (பெரிய அளவு) என்பதே சரி. முழுக்கைச் சட்டைக்கு ‘மாங்கா லார்கா’ என்பார்கள். மாங்கா என்பது சட்டைக்கை. நம் மாங்காய்க்கும் அதற்கும் உறவில்லை.

கிராந்தே நிற்கும் இடத்தைப் பொறுத்தும் பொருள் மாறும். பெயர்ச்சொல்லுக்குப் பின் நின்று ‘ஓம்ப்ரே கிராந்தே’ என வந்தால் ஆள் உருவத்தில் பெரியவர். ஒருமைப் பெயருக்கு முன் வந்து, ஈறு குறைந்து ‘கிரான் ஓம்ப்ரே’ என்றானால் பெருமைக்குரியவர். முன்னதற்குப் ‘பெரிய உருவமுடையவர்’ என்றும், பின்னதற்குப் ‘பெருந்தகை’ அல்லது ‘மாமனிதர்’ என்றும் தமிழில் எழுதலாம். இரண்டையும் ‘பெரிய மனிதர்’ என்றால் வேறுபாடு மறைந்துபோகும். ஊர்ப் பெரிய மனிதர் என்ற வழக்கும் குறுக்கே வந்து நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘தமாஞோ’. இன்று அளவு, பருமன் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயர்ச்சொல், ‘அத்துணைப் பெரிய’ என்று பொருள்படும் ‘தாம் மாக்னுஸ்’ என்ற லத்தீன் தொடரின் திரிபு. அப்பழம்பொருள் முற்றிலும் மறையவில்லை. ‘தமாஞோ எர்ரோர்’ என்றால் இன்றும் ‘இத்துணைப் பெரிய பிழை’ என்பதே பொருள். தமிழில் துணை என்ற சொல்லே அளவையும் குறிக்கும். தினைத்துணை, பனைத்துணை என்று சொல்லிப் பழகிய நமக்கு, தமாஞோவின் கதை அயலாகத் தோன்றாது.

மிகுதியைக் குறிக்கும் சொற்களில் வெரி என்பதற்கு ‘முய்’ போதும். தமிழில் மிக, மிகவும். ஆங்கில டூ (too) என்பதே சிக்கலானது. அதற்குரிய ‘தெமாசியாதோ’ மிகுதியை அன்று, மட்டுமீறலைக் குறிக்கும். எனவே அதை ‘மிகவும்’ என்று தமிழாக்குவது வழு, ‘அளவுக்கு மீறி’ என்பதே பொருந்தும். ஆயினும் எல்லா இடத்திலும் அச்சொல் வேண்டுவதில்லை. துணிக்கடைக் கண்ணாடிமுன் நின்று, தோள் தொளதொளக்கும் சட்டையைப் பார்க்கும் ஸ்பானியர் ‘மே கேதா கிராந்தே’ என்று மட்டுமே சொல்வார்; ‘எனக்குப் பெரிதாக இருக்கிறது’ என்று நாம் சொல்வதைப் போலத்தான், டூ என்பதற்கு நேரான சொல் எதுவும் அதில் இராது.