ஒரே நினைவகத்துக்கு இரண்டு ஆர்குமெண்ட்: கம்பைலர் எப்போது வாய் திறக்கிறது?

எழுதப்போகும் பஃபரையே (எழுத்துகளை வைக்கும் நினைவக இடத்தையே) ஸ்பிரிண்ட்எஃப் என்ற, வரியைக் கோத்து எழுதும் ஃபங்ஷனுக்கு உள்ளீடாகவும் கொடுத்து, பழைய வரியின் கடைசியில் புது வரியை ஒட்டும் சி நிரல்களை இன்றும் கோட் ரிவியூவில் பார்க்கிறேன். கேட்டால், "இத்தனை வருஷமா ஓடுதே சார்" என்று பதில் வரும். ஓடும்தான். 2008-இல் உபுண்டு 8.10, பஃபர் நிரம்பி வழிவதைத் தடுக்கும் ஃபோர்டிஃபை பாதுகாப்பைத் தானாகவே இயக்கி வைத்தபோது, இப்படி எழுதிய நிரல்களில் பழைய வரி காணாமல் போனது. அந்தப் பாதுகாப்பு இருந்தால் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி முதலில் பஃபரின் முதல் பைட்டைப் பூஜ்யமாக்கிவிடும். நூலகத்தைக் குறை சொல்ல முடியாது. சி தரநிலை இந்த அழைப்புக்கு எந்த உறுதியும் தரவில்லை.

நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனின் கதை இன்னும் பிரபலம். 2010-இல் ஜிலிப்சியின் வேகமான புது மெம்காப்பி சில பிராசசர்களில் பின்னாலிருந்து முன்னால் நகலெடுக்கத் தொடங்க, ஃபெடோரா 14-இல் 64-பிட் ஃபிளாஷ் ப்ளேயரின் ஒலி கெட்டுப்போனது. மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மெம்மூவ் போட வேண்டும்; ஃபிளாஷ் நிரலில் மெம்காப்பி போட்டிருந்தார்கள். லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே அந்தப் பிழை அறிக்கையில் வந்து வாதாடினார்.

இதையெல்லாம் கம்பைலரே சொல்லலாமே? 2017-இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 7-ஆம் பதிப்பு முதல், ஆர்குமெண்டுகள் ஒரே இடத்தைக் காட்டினால் எச்சரிக்கும் 'ரெஸ்ட்ரிக்ட்' வார்னிங் இருக்கிறது. சி, சி++ இரண்டிலும் வழக்கமான வார்னிங்குகளை மொத்தமாக இயக்கும் 'வால்' ஸ்விட்சைக் கொடுத்தாலே அதுவும் சேர்ந்து வரும். ஆனால் ஆப்டிமைசேஷன் (நிரலை வேகமாக்கும் வேலை) இல்லாமல் எளிமையான சில இடங்களை மட்டுமே பிடிக்கும்; ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில்தான் முழுப் பலன். ஆப்டிமைசேஷன் இல்லாத டீபக் பில்டை மட்டும் சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) ஓட்டிவிட்டு வார்னிங்கே இல்லை என்று சந்தோஷப்படும் அணிகளுக்கு இது தெரிவதில்லை.

அதே ஜிசிசியில் ஃபோர்ட்ரான் பக்கம் போனால் வேறு பெயர், வேறு விதி. ஒரே மாறியை 'இன்' (படிக்க மட்டும்) ஆர்குமெண்டாகவும் 'அவுட்' (எழுத) ஆர்குமெண்டாகவும் அனுப்பினால் ஜிசிசியின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானின் 'அலையசிங்' (ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்) வார்னிங் எச்சரிக்கும். ஆனால் அழைக்கப்படும் ரொட்டீனின் இன்டர்ஃபேஸ் (ஆர்குமெண்டுகளின் விவரம்) கம்பைலருக்குத் தெரிந்தால்தான். பழைய ஃபோர்ட்ரான் 77 பாணி நிரலில் பெரும்பாலும் மௌனம். அடா மொழிக்கான ஜிசிசி கம்பைலரான 'நாட்'-இல் (GNAT) இதே சோதனைக்குத் தனி ஸ்விட்ச் உண்டு, நாமாகப் போடாவிட்டால் வேலை செய்யாது.

என் ஆதங்கம் இதுதான்: எந்த ஆர்குமெண்ட் படிக்கப்படுகிறது, எதில் எழுதப்படுகிறது என்ற தகவல் மொழிக்கு மொழி சிதறிக் கிடக்கிறது. இரண்டு பாயின்டர்கள் ஒரே இடத்தைக் காட்டினாலும், யாரும் அங்கே எழுதாவிட்டால் சி99-இன் ரெஸ்ட்ரிக்ட் விதிக்கு ஆட்சேபம் இல்லை. ஆக, முன்முனை (ஒவ்வொரு மொழியையும் படிக்கும் கம்பைலர் பகுதி) வெறும் வகையைப் பார்த்து எச்சரித்தால் வீண் கூச்சல். எதுவும் சொல்லாமல் விட்டால் ஆபத்து. ஃபோர்ட்ரானின் இன்டென்ட், அடாவின் பாராமீட்டர் மோட், ஜிசிசி 10-இல் சி-க்கு வந்த 'ஆக்சஸ்' ஆட்ரிபியூட் மூன்றும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே தகவலைத்தான். அவற்றை எல்லா மொழிகளுக்கும் பொதுவான நடுப்பகுதியில் உள்ள ஒரே சோதனைக்குக் கொடுத்தால் போதும். வார்னிங்கின் வாசகமும் மாற வேண்டும். "ஆர்குமெண்ட் 1, ஆர்குமெண்ட் 2-உடன் அலையஸ் ஆகிறது" என்றால் புதிதாக வேலைக்கு வந்தவருக்கு என்ன புரியும்? "இங்கே எழுதுகிறாய், அதையே அங்கே படிக்கிறாய்" என்று சொன்னால் அவரே திருத்திவிடுவார்.

வீண் கூச்சல் சின்ன விஷயம் இல்லை. ஜிசிசி 12-இல் சி++-இன் சாதாரண எஸ்டிடி ஸ்டிரிங் கூட்டலுக்கே ரெஸ்ட்ரிக்ட் வார்னிங் தவறாக வந்தது. எரிச்சலில் பலர் திட்டம் முழுக்க அதை அணைத்தார்கள். அணைத்தே ஆக வேண்டுமானால் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் அணையுங்கள்.

ரஸ்ட் மொழியில் இது வார்னிங்கே இல்லை, நேராகப் பிழை. ஆனால் அந்த உறுதியை நம்பி அதன் பின்னால் இயங்கும் கம்பைலர் கட்டமைப்பான எல்எல்விஎம்மிடம் 'நோஅலையஸ்' (இந்த இடத்தை வேறு யாரும் தொடமாட்டார்கள்) என்று சொன்னபோது அங்கிருந்த பழைய பிழைகள் வெளியே வந்தன. பலமுறை அணைத்து, 2021-இல் ரஸ்ட் 1.54-இல்தான் மறுபடி இயக்கினார்கள். சி-யில் ரெஸ்ட்ரிக்டை அரிதாகவே எழுதுவதால் அந்த வழியை அதுவரை யாரும் சரியாகச் சோதிக்கவில்லை போலும்.

சரி, இன்று என்ன செய்வது? சிஐ-யில் ஓ2 பில்ட் ஒன்றைச் சேருங்கள். ஃபோர்ட்ரான் ரொட்டீன்களை மாட்யூலுக்குள் வையுங்கள், இன்டர்ஃபேஸ் தானாகவே கிடைக்கும். கம்பைலர் தவறவிடும் மெம்காப்பி மோதல்களை டெஸ்ட் ஓடும்போது அட்ரஸ் சானிடைசர், வால்கிரைண்ட் என்ற நினைவகப் பிழை தேடும் கருவிகள் பிடிக்கும். ஸ்பிரிண்ட்எஃப் விஷயத்தில் அவற்றை நம்ப வேண்டாம். அங்கே கம்பைலர் சொல்லாததைக் கையால் தேடித் திருத்துவதுதான் வழி.