டிப்ரிகேட்டட் எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள்

தோவாளைப் பூக்கடை பில்லிங், குளச்சல் மீன் ஏலக் கணக்கு, குலசேகரம் ரப்பர் ஷீட் கொள்முதல்: எழுதியவர் என்றோ வேலை மாறிப் போயிருப்பார், பிஎச்பி மொழியில் எழுதிய கோட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஹோஸ்டிங்காரர் வெர்ஷனை ஏற்றிய மறுநாள் காலை திரை வெள்ளையாக நிற்கும். பழி மொழியின் மேல் விழும்.

அந்தப் பழி பாதிதான் நியாயம். டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை 2013-இல் பிஎச்பி 5.5 டிப்ரிகேட் செய்தது; அதாவது, இனி பயன்படுத்தாதீர்கள், பின்னால் எடுத்துவிடுவோம் என்று அறிவித்தது. 2015 டிசம்பரில் 7.0 அவற்றை நீக்கியது. நடுவே இரண்டரை வருடம். அந்த அறிவிப்பு ஏன் யார் கண்ணிலும் படவில்லை? பிஎச்பியோடு வரும் புரொடக்‌ஷன் ஐஎன்ஐ என்னும் மாதிரி செட்டிங் ஃபைலே டிப்ரிகேட்டட் எச்சரிக்கைகளைக் கழித்துவிடுகிறது. பைத்தான் மொழியும் நேரடியாக ஓட்டும் ஃபைலைத் தவிர மற்ற இடங்களில் இவற்றைக் காட்டாது. ஆகவே எரர் ரிப்போர்ட்டிங்கை முழுதாகத் திறந்து, திரையில் காட்டுவதை நிறுத்தி, லாக் ஃபைலுக்கு அனுப்புங்கள். மாதக் கடைசிக் கணக்கு, ஜிஎஸ்டி ரிப்போர்ட் எல்லாம் ஒருமுறை ஓடி முடிந்த பிறகே அந்த லாக்கை நம்பலாம். மாதம் ஒருமுறை ஓடும் கோடில்தான் பழைய சரக்கு ஒளிந்திருக்கும்.

நீக்கியது உடனே தெரிந்துவிடும். பெயர் அப்படியே இருக்க, நடத்தை மாறுவதுதான் ஆபத்து. எடை கட்டம் காலியா என்று பார்க்க இரட்டைச் சமக்குறி போட்டு 0-உடன் ஒப்பிட்டிருப்பார்கள். பிஎச்பி 7 வரை வெற்று ஸ்ட்ரிங்கும் 0-வும் சமம்; 2020-இல் வந்த 8.0-இல் சமமில்லை. 7.4-இல் இதற்கு எச்சரிக்கையே கிடையாது. தடுக்க வேண்டிய இஃப் நிபந்தனை வாய் திறக்காது, காலி வரி உள்ளே போய்விடும். லாக் இதைப் பிடிக்காது. 0-உடன் ஒப்பிடும் வரிகளைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஜாவா மொழி மறுகோடி. ஓடும் வேலையை நடுவில் நிறுத்தும் த்ரெட் ஸ்டாப்பை 1998-இல் டிப்ரிகேட் செய்துவிட்டு, 2023-இல் வந்த ஜாவா 20-இல்தான் முடக்கியது. இத்தனை காலம் இழுத்தால் எச்சரிக்கையை யாரும் சட்டை செய்வதில்லை என்பது என் கருத்து. 2017-இல் ஜாவா 9, 'நிச்சயம் நீக்கப்படும்' என்பதற்குத் தனிக் குறியே கொண்டுவந்தது.

உங்கள் சொந்த லைப்ரரியில் ஃபங்ஷனை மாற்றினால், பழைய பெயரை விட்டுவைத்து உள்ளே புதியதை அழையுங்கள். மாற்று எது, எந்த வெர்ஷனில் பழையது போகும் என்று லாக்கில் ஒரு வரி எழுதுங்கள்.

வெர்ஷனை எந்த நாளில் ஏற்றுவது என்றும் பார்க்க வேண்டும். ஓணத்துக்கு முந்தைய வாரம் தோவாளையில் கை வைக்காதீர்கள். குளச்சல் ஏலக் கணக்கு என்றால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தோது. முதல் வாரமே ஏற்றிவிட்டு, போன சீசன் டேட்டாவின் நகலில் ஏலப் பட்டியலைத் திரும்ப ஓட்டி, பழைய பில் தொகையோடு வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள்.