கமீனும் டாம்பாயும்: உடம்பு எவ்வளவு, குணம் எவ்வளவு?

ஆண்களுக்கென்று தைத்த ஒரு வெள்ளைச் சட்டை. இரண்டு தோழிகள் அதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒருத்தி போட்டுக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டதும் அது அவளுக்கென்றே தைத்ததுபோல் ஆகிவிடுகிறது; முகத்தில் ஒரு குறும்புகூட வந்து உட்கார்ந்துகொள்கிறது. மற்றவள் போட்டால், மழையில் நனைந்து வந்தவளுக்கு அண்ணன் சட்டையை மாற்றக் கொடுத்ததுபோல் இருக்கிறது. பார்ப்பவர்கள் சொல்லும் காரணம் இரண்டுதான். 'அவளுக்கு அந்த உடம்பு' என்பார்கள். இல்லாவிட்டால் 'அவ சுபாவமே அப்படி' என்பார்கள்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் உடம்பு செய்யும் வேலை வேறு, குணம் செய்யும் வேலை வேறு. 'உங்கள் உடல்வாகு எந்த வகை?' என்று கேட்டு, பத்துக் கேள்விகளில் பாணியையும் சுபாவத்தையும் சேர்த்தே சொல்லிவிடும் இணையத் தேர்வுகள் குழப்புவது இந்த இடத்தில்தான்.

முதலில் இந்தச் சொற்கள். தெருவில் சுற்றித் திரியும் வாலுப் பையனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் பெண்பால் வடிவம் கமீன். குட்டை முடி, பெரிய கண், சின்ன உருவம், கணுக்கால் தெரியும் கால்சட்டை என்றால் பலருக்கும் இந்தச் சொல் நினைவுக்கு வரும். டாம்பாய் 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சொல். முதலில் அது அடங்காத பையனைத்தான் குறித்தது. பையன் அடங்காமல் இருப்பதில் என்ன செய்தி இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சொல் பெண்பிள்ளைகள் பக்கம் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். என்னைக் கேட்டால், கமீன் என்பது பார்ப்பவர் கண்ணில் நடக்கும் விஷயம். டாம்பாய் என்பது போட்டிருப்பவரின் அசைவில் நடக்கும் விஷயம்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு அது ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று என்று குறைந்துவிடும். ஒருவரின் வயதை மூளை ஊகிக்கும் வழிகளில் இந்த விகிதமும் ஒன்று. பெரிய கண், அகன்ற நெற்றி, சின்னத் தாடை ஆகியவை பார்ப்பவரிடம் 'குழந்தை' என்ற உணர்வைக் கிளப்பும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் எழுதினார். பருவ வயது வரைக்கும் பையன், பெண் இருவரின் உடல் வடிவமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகுதான் ஈஸ்ட்ரோஜன் பெண்ணின் இடுப்பை அகலமாக்கி அங்கே கொழுப்பைச் சேர்க்கிறது. டெஸ்டோஸ்டிரோன் ஆணின் தோளை விரிக்கிறது. ஆகவே தோளும் இடுப்பும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் நேராக இறங்கும் உடம்பைக் கண் பார்க்கும்போது அது பருவத்துக்கு முந்தைய காலத்தின் சாயலைப் படிக்கிறது. 'பையன் மாதிரி' என்று நாம் சொல்வது உண்மையில் 'பத்து வயது மாதிரி' என்பதுதான்.

கமீன் தோற்றத்தில் இந்தக் குழந்தைச் சாயலோடு கூர்மையான தாடை, எலும்பு தெரியும் தோள் போன்ற வளர்ந்தவரின் கோணங்களும் சேர்ந்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு செய்தி. மூளையால் சட்டென்று ஒரு பெட்டியில் போட்டு மூட முடிவதில்லை, அதனால் இன்னொரு முறை பார்க்கிறது. 1987-இல் வெளியான தன் புத்தகத்தில் அமெரிக்கப் பாணி ஆலோசகர் டேவிட் கிப்பி பெண்களின் தோற்றத்தை யின் (மென்மை), யாங் (கூர்மை) என்ற சீனச் சொற்களைக் கொண்டு வகைப்படுத்தியபோது, எதிரெதிரானவை கலந்து நிற்கும் சின்ன உருவத்துக்குத்தான் கமீன் என்று பெயர் வைத்தார். அவர் கவனித்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அவர் பிரித்த வகைகளின் எண்ணிக்கையில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு.

'சின்ன உருவம்' என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கமீனுக்கு உதாரணமாக எல்லோரும் காட்டும் ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் உயரம் சுமார் 170 செ.மீ. குள்ளம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் திரையில் அளவு நாடா கிடையாது. மெல்லிய உடம்பு, நீண்ட கழுத்து, பெரிய கண், 1953-இல் வந்த படத்தில் வெட்டிக்கொண்ட குட்டை முடி என்று விகிதம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. முடி குறைந்ததும் கழுத்தும் காதும் தாடையும் வெளியே வந்துவிடுகின்றன. முகத்தோடு போட்டி போட அங்கே வேறெதுவும் இல்லை. அந்த மெல்லிய உடம்புக்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது அவர் அங்கே பட்டினி கிடந்த பதின்வயதுப் பெண். பின்னாளில் அந்த உருவத்தை அழகுக்கு அளவுகோலாக்கியவர்கள் இதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது கோடுகள். நம் கண் ஒரு காட்சியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. நொடிக்கு மூன்று தாவல் போல. நிறமும் வெளிச்சமும் சட்டென்று மாறும் விளிம்புகள் அது இறங்கி நிற்க வசதியான இடங்கள். கழுத்திலிருந்து கால்வரை ஒரே நிற உடை என்றால் இறங்க இடம் குறைவு. உருவம் நீளமாக, அமைதியாகத் தெரியும். வெள்ளைக் காலர், இடுப்புக்கு மேலேயே முடியும் ஜாக்கெட், கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டை, அழுத்தமான நிறத்தில் ஷூ என்று வந்தால் கண் அங்கங்கே குதித்துக்கொண்டே இருக்கும். துறுதுறுவென்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது. உடம்பின் பகுதிகள் சின்னதாக இருக்கும்போது இந்தச் சின்னத் துண்டுகள் அவற்றோடு இசைந்து போகின்றன. நீளமான கைகால்களில் அதே வெட்டுகள் போன வருடச் சட்டை இந்த வருடம் எட்டாமல் போனதுபோல் தெரியலாம். சிலர் வேண்டுமென்றே அதைத்தான் செய்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஆனால் குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே எழுதிவிட்டார், பெண்களின் உடையையே உதாரணமாகக் காட்டி. பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்ப்சன் இதை மனித உருவப் படங்களில் சோதித்து, குறுக்குக் கோடு குண்டாக்கிக் காட்டவில்லை என்று 2011-இல் வெளியிட்டார். 1858-இல் பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளுக்குச் சீருடையாக்கிய நீல வெள்ளைக் குறுக்குக் கோட்டுச் சட்டைதான் பிற்காலத்தில் கமீன் பாணியின் அடையாளமாக ஆனது. மெல்லிய உடம்புக்கு அது ஒத்துப்போனதில் இந்தக் கண்மாயத்துக்கும் பங்கு இருக்கலாம்.

எனக்கு இதிலெல்லாம் மிகவும் பிடித்த பகுதி துணிதான். ஒரு துணிப் பட்டையை மேசை விளிம்புக்கு வெளியே மெல்ல மெல்லத் தள்ளுங்கள். ஷிஃபான் உடனே தொங்கிவிடும். தடித்த டெனிம் வெகுதூரம் நீட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் தலை குனியும். எவ்வளவு நீளம் தாக்குப்பிடிக்கிறது என்பதை வைத்துத் துணியின் விறைப்பை அளக்கும் முறையை எஃப்.டி. பியர்ஸ் 1930-இல் எழுதினார். இன்றும் ஜவுளி ஆய்வகங்களில் அந்தச் சோதனை நடக்கிறது. அந்த நீளம் துணிக்கே உரியது. போடுபவர் பெரிய உருவமா சின்ன உருவமா என்று அதற்குத் தெரியாது. பொம்மைக்கு மிச்சத் துணியில் கவுன் தைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குழந்தையின்மேல் அழகாகத் துவண்ட அதே துணி பொம்மையின்மேல் குடைபோல விறைத்து நிற்கும். துணி மாறவில்லை, உடம்புதான் சிறுத்துவிட்டது.

சின்ன உருவத்துக்கும் பெரிய உருவத்துக்கும் இடையில் நடப்பதும் இதுதான், அளவு மட்டும் குறைவு. கனமான டெனிம் ஜாக்கெட் அகன்ற தோளில் சாதாரணமாக மடியும். ஒடுக்கமான தோளில் அதே மடிப்பு உடம்போடு ஒப்பிட்டால் பெரிதாகி, ஆளே ஒரு பெட்டிக்குள் நிற்பதுபோல் தெரியும். விறைப்பு தடிமனோடு வேகமாக ஏறுவது இன்னொரு சங்கடம். ஒரே கெட்டியான தகடு என்றால் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். துணியில் நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் அவ்வளவு ஏறாது, ஆனாலும் ஏறும். 'ஓவர்சைஸ்' போட ஆசைப்படும் சின்ன உருவக்காரர்கள் அளவைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார்கள். துணியின் கனத்தைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இனி அந்த இரண்டாவது தோழியின் சட்டை. ஆண்கள் சட்டை பெரும்பாலும் தோளிலிருந்து தூக்குக் குண்டுக் கயிறுபோல நேராக இறங்கும்படி வெட்டியது. நேரான உடம்பில் அது தடையில்லாமல் விழும். மார்பும் இடுப்பும் அகன்ற உடம்பில் முன்பக்கத் துணி மார்பில் முட்டி அங்கிருந்து கூடாரம்போலத் தொங்கும்; பட்டன்களுக்கு நடுவே வாய் பிளக்கும்; கீழ் விளிம்பு இடுப்பில் மாட்டிக்கொண்டு முதுகில் துணி சேரும். இதில் உடம்பின்மேல் குற்றம் ஒன்றுமில்லை, முழுக்க வடிவக் கணக்கு. தட்டையான தாளைப் பந்தின்மேல் சுருக்கமில்லாமல் ஒட்ட முடியாது என்பது 1827-இல் கணித மேதை காஸ் தந்த தேற்றத்திலிருந்து வரும் முடிவு. நெய்த துணி தாளைவிடக் கொஞ்சம் இணங்கும், மூலைவாட்டத்தில் இழுத்தால் நீளும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டார்ட் (துணியைக் கிள்ளிப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) பிடிக்க வேண்டும், பிளீட் (விரியும்படி விடும் மடிப்பு) வைக்க வேண்டும், இல்லையென்றால் பின்னல் துணிக்குப் போக வேண்டும். தோள் தையல் சரியான இடத்தில் உட்கார்ந்து, முதுகில் ஒரு பிளீட்டும் பக்கவாட்டில் வெட்டும் இருந்தால், வளைவுள்ள உடம்பிலும் சட்டை சட்டையாகவே நிற்கும். ஆக, உடம்பு தீர்மானிப்பது துணி எப்படி விழும், கண் எங்கே நிற்கும் என்பதை. 'உனக்கு இது கூடாது' என்று அது எங்கும் சொல்லவில்லை.

சரி, குணம்?

உடல்வாகிலிருந்து குணத்தைச் சொல்லிவிடலாம் என்று பெரிய அளவில் முயன்றவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன். 1940-களில் அவர் மனிதர்களை உருண்டை, தசைக்கட்டு, ஒல்லி என்று மூன்று போக்குகளாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவத்தைக் கோத்தார். ஒல்லி என்றால் உள்ளொடுங்கியவர், பதற்றக்காரர், இப்படி. அவர் காட்டிய தொடர்பு நம்ப முடியாத அளவுக்கு வலுவாக இருந்தது. காரணம் எளிது: உடம்புக்கு மதிப்பெண் போட்டவரே குணத்துக்கும் போட்டார். பிற்பாடு மற்றவர்கள் இரண்டையும் தனித்தனியாக அளந்தபோது அந்த வலு கரைந்துவிட்டது. 'சின்ன, கூர்மையான உருவம், ஆகவே நீங்கள் குறும்புக்காரி' என்று சொல்லும் பாணித் தேர்வுகள் ஷெல்டன் விட்ட இடத்திலிருந்துதான் ஓடுகின்றன.

டாம்பாய் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1977-இல் உளவியலாளர் ஜேனட் ஹைடும் அவர் குழுவும் கேட்டபோது, சிறுவயதில் தாங்கள் டாம்பாயாக இருந்ததாகச் சொன்ன பெண்கள் ஏறக்குறைய பாதிப் பேர். பாதிப் பெண்களுக்கு ஒரே மாதிரி உடல்வாகு இருக்க வழியே இல்லை. 1974-இல் உளவியலாளர் சாண்ட்ரா பெம் தந்த அளவுகோலும் உதவும். அதுவரை ஆண்தன்மை, பெண்தன்மை இரண்டையும் ஒரே கோலின் இரு முனைகளாக வைத்துத்தான் அளந்தார்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். பெம் இரண்டையும் தனித்தனிக் கோல்களாக்கினார். இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண் வாங்குபவர்கள் இருந்தார்கள். மரமேறும் பெண்ணுக்குப் பெண்தன்மை குறைந்திருக்கும் என்ற கணக்கு அங்கே விழுந்தது. ஹார்மோனுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. கருவிலேயே ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனுக்கு அதிகமாக உட்படும் ஒரு பிறவிக் குறைபாடு உள்ள சிறுமிகள் சராசரியாகப் பையன்களின் பொம்மைகளை அதிகம் எடுக்கிறார்கள் என்று 1992-இல் ஷெரி பெரன்பாமும் மெலிசா ஹைன்ஸும் காட்டினார்கள். ஆனால் அங்கே மாறுவது விளையாட்டு விருப்பம், தோளின் அகலம் அல்ல. டாம்பாய்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தக் குறைபாடும் கிடையாது.

அப்படியென்றால் குணம் உடைக்குள் நுழைவது எந்த வாசல் வழியாக? அசைவு வழியாக என்பது என் கட்சி. 1973-இல் சுவீடனின் குன்னர் யோஹான்சன் நடப்பவரின் மூட்டுகளில் மட்டும் வெளிச்சப் புள்ளிகளை வைத்து இருட்டில் படமெடுத்தார். உருவம் தெரியாது, பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான். பார்த்தவர்கள் உடனே 'ஆள் நடக்கிறார்' என்றார்கள். 1977-இல் லின் கோஸ்லோவ்ஸ்கியும் ஜேம்ஸ் கட்டிங்கும், அந்தப் புள்ளிகளைக்கொண்டே நடப்பது ஆணா பெண்ணா என்று குருட்டாம்போக்கை மிஞ்சும் அளவுக்கு ஊகிக்க முடிகிறது என்று காட்டினார்கள். தோள் எவ்வளவு அசைகிறது, இடுப்பு எவ்வளவு அசைகிறது என்பது முக்கியமான துப்பு. தளர்ந்த சட்டை இடுப்பின் துப்பை மறைத்துவிடுகிறது. தட்டை ஷூ காலடியை நீளமாக்குகிறது, குதிகால் உயர்ந்த செருப்பு அதைக் குறுக்குகிறது. ஆழமான பாக்கெட் இருந்தால் கைக்கு ஓர் இடம் கிடைக்கிறது, முழங்கை வெளியே வருகிறது, ஆள் கொஞ்சம் அகலமாகிறாள். ஓடவும் சம்மணம் போட்டு உட்காரவும் பழகிய பெண் இப்படிப்பட்ட உடையைத் தேடிப் போகிறாள். உடை அவள் அசைவை இன்னும் விரிக்கிறது.

உடையே குணத்தை மாற்றிவிடும் என்ற கட்சியும் உண்டு. மருத்துவரின் கோட் என்று சொல்லி வெள்ளைக் கோட் மாட்டிவிட்டால் கவனம் கூடுகிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு வந்து ஊரெல்லாம் பேசினார்கள். அதில் ஒரு சோதனையை 2019-இல் வேறொரு குழு அப்படியே திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. பிளேஸர் போட்டால் துணிச்சல் வரும் என்று பந்தயம் கட்டும் முன் யோசிக்கலாம்.

குணம் வெளியே கசிகிறது என்பதற்கு ஆதாரம் இதைவிட நன்றாக இருக்கிறது. 2009-இல் லாரா நௌமன் குழு முன்பின் தெரியாதவர்களின் முழு உருவப் படங்களைக் காட்டி அவர்களின் குணத்தை ஊகிக்கச் சொன்னது. 'நேராக நில்லுங்கள்' என்று சொல்லி எடுத்த படத்திலேயே ஒருவர் கலகலப்பானவரா என்பது ஓரளவு தெரிந்தது. இஷ்டப்படி நிற்க விட்டு எடுத்த படங்களில் இன்னும் பல குணங்களைச் சரியாகச் சொன்னார்கள். முதல் தோழி சட்டையைப் போட்டதும் கையைச் சுருட்டிவிட்டாள் என்று ஆரம்பத்தில் சொன்னேன். இரண்டாமவள் கண்ணாடி முன்னால் அசையாமல் நின்று, பட்டன் இடைவெளியைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். மார்புக்கு இடம் விட்டுத் தைத்த ஒரு சட்டை கிடைத்தால் அந்தக் கை விடுபட்டுவிடும். அதற்கு அப்புறம் அவள் எப்படி நிற்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் அவள் சுபாவத்தைப் பற்றிப் பேச முடியும்.