யகுமோவில் ஏறும் முன்

போன மாதம் ஓர் அம்மா வந்திருந்தார். மலைப்பாதையில் பஸ் இரண்டு வளைவு திரும்பினாலே வாந்தி எடுப்பவர். மகனுக்கு ஜப்பானில் ஒகயாமாவில் வேலை. அம்மாவை இசுமோ கோயிலுக்கு ரயிலில் கூட்டிப் போகப் போகிறானாம். "ரயில்ல அதெல்லாம் வராதுல்ல டாக்டர்?" என்றார்.

வேறு ரயில் என்றால் வராது என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இது யகுமோ என்ற விரைவு ரயில். வளைவில் பெட்டியே சாயும்.

ஒகயாமாவிலிருந்து இசுமோ நகரம் சுமார் 220 கிலோமீட்டர். 1,067 மில்லிமீட்டர் அகலமே உள்ள தண்டவாளம் ஆற்றங்கரையிலும் மலைக்குள்ளும் வளைந்து வளைந்து போகிறது. வளைவில் வேகமாகப் போனால் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். சைக்கிளில் திரும்பும்போது நாம் சாய்கிறோமே, அதுபோலப் பெட்டியை உள்பக்கம் சாய்த்தால் தள்ளல் குறையும், வேகத்தையும் அவ்வளவாகக் குறைக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் குமட்டல்? சாய்வதால் மட்டும் இல்லை, முக்கியமாகத் தாமதமாகச் சாய்வதால். 1973இல் நகோயா–நகானோ வழியில் ஷினானோ ரயிலாக ஓடத் தொடங்கி, 1982இல் யகுமோவுக்கும் வந்த 381 வகைப் பழைய பெட்டிகளில் சாய்க்கத் தனிக் கருவி இருக்கவில்லை. உருளைகள்மேல் அமர்ந்த பெட்டியை வளைவின் விசையே தள்ள வேண்டியிருந்தது. அதனால் வளைவுக்குள் நுழைந்தும் சற்று நிமிர்ந்தே நிற்கும், பிறகு சட்டென்று சாயும். வெளியே வரும்போதும் இதே கதை. உள்காதின் அரைவட்டக் குழல்கள் 'உருள்கிறோம்' என்கின்றன. கண்ணோ அசையாத முன்சீட்டைப் பார்த்து 'சும்மா உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இந்தச் சண்டையில் மாட்டுவது வயிறு. இது பலவீனம் இல்லை, காது ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். உள்காது முழுதும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டலே வராது.

'யுத்தாரி யகுமோ', அதாவது சாவகாசமான யகுமோ என்று ரயில்வே வைத்த பெயரை ஜப்பானியர்கள் 'குத்தாரி ஹகுமோ' என்று திரித்துக் கிண்டலடித்தார்கள். துவண்டுபோய் வாந்தியெடுக்கிற யகுமோ! கைகழுவும் இடத்தில் வாந்திப் பையும் வைத்திருந்தார்கள்.

2024 ஏப்ரல் 6 முதல் ஓடும் 273 வகைப் புது ரயில் இதற்குச் செய்த வைத்தியம் எனக்குப் பிடித்தது. ரயில் திரும்புவதை அளக்கும் ஜைரோ உணரி தரும் அளவை, ரயிலிலேயே இருக்கும் பாதை வரைபடத்தோடு ஒப்பிட்டு 'இப்போது இங்கே இருக்கிறோம்' என்று கணித்துக்கொள்கிறது. அதை வைத்து, சரியான இடத்தில் மெல்லச் சாயத் தொடங்குகிறது.

குமட்டல் குறையும், எல்லாருக்கும் அடியோடு போய்விடாது. அதனால் அந்த அம்மாவிடம் சொன்னது: எதிரெதிரே உட்காரும் மேசை இருக்கைகள் அழகாக இருக்கும், அதில் பாதிப் பேர் பின்னோக்கிப் போக வேண்டும், வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, முட்டமுட்டச் சாப்பிடவும் கூடாது. குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபிறகு போட்டால் பெரிதாகப் பலனில்லை. தூக்கம் வரும். கண்ணழுத்த நோயோ புராஸ்டேட் தொல்லையோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே வேண்டாம்.

முக்கியமாக, போனைப் பார்க்காதீர்கள், தூரத்தில் எதையாவது பாருங்கள் என்றேன். "எதைப் பார்க்கறது?" என்றார். வலப்பக்க ஜன்னல் கேளுங்கள், யோனாகோ நிலையம் வருவதற்கு முன்னால் தைசென் மலை தெரியும்.