பணவீக்கமா, விலையேற்றமா?

"மின் கட்டண உயர்வால் பணவீக்கம்" என்று செய்தியில் இன்னொரு தரம் வாசித்தால் டிவியை அணைத்துவிடுவதாக இருக்கிறேன். கரண்ட் பில் ஏறினால் வீட்டில் பணம் கரையும். எங்கே வீங்குகிறது?

பணவீக்கத்துக்கு மூலமான 'இன்ஃப்ளேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் வேர். 'ஊதுதல்' என்று பொருள். முதலில் புழங்கும் பணம் பெருகுவதைச் சொன்னார்கள், பிறகு பொதுவான விலை உயர்வுக்கே அது பெயராகிவிட்டது. நம் மொழிபெயர்ப்பு மட்டும் பழைய பொருளிலேயே நிற்கிறது.

எங்கள் கோவைப் பக்கம் இட்லி மாவு விற்கும் அக்கா, பாக்கெட்டின் பழைய விலைமேல் புது விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். கேட்டால், "கிரைண்டரும் பிரிட்ஜும் ஓடணுமில்லீங்க, கரண்ட் ஏறிப்போச்சுங்க" என்றார். பேக்கரியில் டீ விலை ஏறுவதும் இப்படித்தான். கடைகள் வாங்கும் 19 கிலோ கேஸ் சிலிண்டர் விலை மாதாமாதம் மாறுகிறது. மாவு அக்கா, பேக்கரிக்காரர் இருவருமே 'ஏறிப்போச்சு' என்கிறார்கள். விலையேற்றம் என்ற சொல் அதிலேயே இருக்கிறது.

பணம் பெருகாமல் விலை தொடர்ந்து ஏறாது என்று வாதாடும் பொருளியலாளர்கள் உண்டு. வாதாடட்டும். காரணம் பணமா எரிபொருளா என்பது அவர்கள் வழக்கு. அதற்குப் பெயரே தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்னொரு கேடும் இருக்கிறது. 'பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தது' என்றால், வீக்கம் வடிந்தது, விலை இறங்கிவிட்டது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். விலை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, வேகம்தான் குறைவு. 'விலையேற்ற வீதம் குறைந்தது' என்றால் இந்தக் குழப்பமே வராது.

'விலைவாசி உயர்வு' என்றாலும் எனக்குச் சம்மதமே. வாசி வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள், "வாசி தீரவே காசு நல்குவீர்" என்ற சம்பந்தர் தேவாரத்தைப் பார்க்கட்டும். அங்கே அது காசின் மதிப்பில் விழும் குறைவு. பஞ்ச காலத்துப் பாட்டு என்பது மரபு.

மொழிபெயர்ப்பாளர்கள் இதோடு விட்டார்களா? விலையேற்றத்தை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டில் வீட்டு மின்சாரம், சமையல் எரிவாயு, விறகு எல்லாம் சேர்ந்த பிரிவுக்கு 'எரிபொருள் மற்றும் ஒளி' என்று பெயர் வைத்தார்கள். 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துக் கணக்கிட்ட வரிசையில் அதன் எடை, அதாவது மொத்தக் குறியீட்டில் அதன் பங்கு, 6.84 சதவீதம். ஒளியாம்! கிரைண்டரும் மோட்டாரும் இழுக்கிற கரண்ட் எந்த ஒளியில் சேர்த்தி? 'வீட்டு எரிபொருள், மின்சாரம்' என்று எழுதியிருக்கலாம். 'வீட்டு' என்பது அவசியம். வண்டிக்குப் போடும் பெட்ரோல் அந்த வரிசையில் இந்தப் பிரிவிலேயே வரவில்லை, போக்குவரத்தில் இருந்தது.