ஆடிக் காற்றும் பத்தாயிரம் கிலோமீட்டரும்

எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் ஆற்றுக்கரை ஏற்றமும் பாலத்து ஏற்றமும்தான். தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரம்கூட இல்லை. அங்கிருந்து நாகப்பட்டினம் வரை நிலம் இறங்குவது தண்ணீருக்குத்தான் தெரியும், சைக்கிளுக்குத் தெரியாது. இந்த ஊரில் சைக்கிள் மிதிப்பது சுலபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆடி மாதத்தில் திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடிப் பக்கம் ஒரே ஒருமுறை மிதித்தால் போதும், அந்த நினைப்பு போய்விடும். சின்ன வயதில் அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போது, எதிர்க்காற்று தாங்காமல் இறங்கி உருட்டிக்கொண்டே வந்த நாட்கள் எனக்கு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, கரூர், திருச்சி தாண்டி, தடுக்க ஒரு குன்றுகூட இல்லாத வயல்வெளியில் இறங்கும் காற்று அது.

கண்டம் தாண்டும் சைக்கிள் பயணத்தின் அறிவியலில் பாதி அந்த ரோட்டிலேயே இருக்கிறது.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மன்னார்குடிக்காரர் ஒருவர் தனி ஆளாகச் சைக்கிளிலேயே ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். துருக்கி, ஈரான் என்று வளைந்து வர வேண்டும். தோராயமாகப் பத்தாயிரம் கிலோமீட்டர். அவர் 65 கிலோ, சைக்கிள் 15, மூட்டை முடிச்சு 25, ஆக 105 கிலோ. நாள்தோறும் ஆறு மணி நேரம், மறுநாளும் எழுந்து மிதிக்க உடம்பில் தெம்பு மிச்சம் வைத்து, அவரால் கொடுக்க முடிந்தது சுமார் 75 வாட். கூடத்தில் சுற்றும் பழைய சீலிங் ஃபேனுக்கு வேண்டிய திறன் அவ்வளவுதான். அந்த ஃபேன் அளவுத் திறனை வைத்துக்கொண்டுதான் ஐரோப்பாவிலிருந்து காவிரிக்கு வர வேண்டும்.

அதைத் தின்பவை முக்கியமாக மூன்று. ஒன்று டயர். தரையில் அமுங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் ரப்பர் கொஞ்சம் ஆற்றலைச் சூடாக்கி வீணடிக்கிறது. நல்ல ரோட்டில், டயருக்குள் சரியான அளவு காற்று இருந்தால், 105 கிலோவுக்கும் சேர்த்து இந்த இழுவை அரைக் கிலோ எடையைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரண்டாவது ஏற்றம். மூன்றாவது காற்று, அதுதான் பெரிய தீனிக்காரன்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அந்தத் தடையை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள வேண்டியிருப்பதால், காற்றுக்குச் செலவாகும் திறன் எட்டு மடங்கு. காற்றில்லாத நாளில் 75 வாட் இருந்தால் நம்மவர் சமதரையில் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் போவார். எதிரில் 20 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், அதே உழைப்புக்கு 9 கிலோமீட்டர்தான். சரி, திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே, கணக்கு நேராகிவிடாதா? ஆகாது. முதுகுக் காற்றில் அவர் 30 கிலோமீட்டர் வேகம் தொடுவார், ஆனால் அந்தச் சுகம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முப்பது கிலோமீட்டரை எதிர்க்காற்றில் கடக்க மூன்றேகால் மணி நேரம், முதுகுக் காற்றில் ஒரு மணி நேரம். காற்றே இல்லாவிட்டால் போய்வர மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும், இப்போது நாலேகால். கஷ்டத்தில் இருக்கும் நேரம் எப்போதும் அதிகம், அதனால்தான் காற்று நம்மை மட்டும் வஞ்சிப்பதாகத் தோன்றுகிறது.

அந்த எதிர்க்காற்றை எதிர்த்து 15 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடிக்க நினைத்தால், 37 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் ஏறும் உழைப்பு கூடுதலாக வேண்டும். மலைக்காவது உச்சி உண்டு, மறுபக்கம் இறக்கம் உண்டு. டெல்டாக்காரர்களுக்கு மலை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நிஜ மலைக்கு வருவோம். கிழக்குத் துருக்கியில் 2,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள் இருக்கின்றன. இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் ரோட்டில், 75 வாட்டில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்தான் கிடைக்கும், அதாவது நடக்கிற வேகம். நம் ஊர்ச் சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் சுமார் இரண்டரைச் சுற்று சுற்றும். அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்குப் பதினாறு சுற்றுதான். ஒவ்வொரு மிதிக்கும் உடம்பையே தூக்கிப் பெடல்மேல் வைக்க வேண்டும், முழங்கால் தாங்காது. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் முக்கால் சுற்றுகூட வராத கியர் இருந்தால், நிமிடத்துக்கு 57 சுற்று. வேலை அதேதான், ஆனால் மிதியின் கனம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கியர் புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை, பெரிய கடனைச் சின்னத் தவணைகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. 1963இல் அயர்லாந்திலிருந்து டெல்லி வரை தனியாகச் சைக்கிளில் வந்த டெர்வ்லா மர்ஃபி, ஆசிய ரோடுகளை அது தாங்காது என்று கியரைக் கழற்றிவிட்டுத்தான் கிளம்பினார். ஏற முடியாத இடங்களில் தள்ளிக்கொண்டு நடந்தார். அந்த மன உறுதியை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புதான்.

கால்களைவிட எனக்கு அதிகம் பிடித்தது சக்கரம். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டுச் சுழற்றி, ஒவ்வொரு போக்ஸ் கம்பியையும் விரலால் சுண்டி, சத்தம் கேட்டு, சாவியால் கால் சுற்று திருப்புவார்கள். இழுவிசை கூடினால் ஒலி உயரும். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதும் இதேதான். கையால் வளைத்துவிடக்கூடிய அந்த மெல்லிய கம்பி எப்படி நெல் மூட்டையைத் தாங்குகிறது? எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே பலமாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதுதான் ரகசியம். பாரம் ஏறும்போது அடியில் இருக்கும் சில கம்பிகளின் இழுப்பு கொஞ்சம் குறைகிறது, மற்றவற்றில் பெரிய மாற்றமில்லை. அந்தக் குறைவுதான் பாரத்தைத் தாங்குகிறது.

சக்கரம் ஒருமுறை உருண்டால் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். பத்தாயிரம் கிலோமீட்டரில் சுமார் 48 லட்சம் சுற்று. ஒவ்வொரு கம்பியும் அத்தனை முறை தளர்ந்து இறுகுகிறது. தகரத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவதுபோல, உலோகமும் களைத்துப் போகும். கம்பி பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. சக்கரக் குடத்தில் மாட்டியிருக்கும் வளைவில்தான் அறும், அதுவும் அநேகமாகப் பின்சக்கரத்தில், ஃப்ரீவீல் பக்கம். லூசாக இருக்கும் கம்பிதான் முதலில் போகும் என்பது பலருக்குத் தெரியாது. பாரம் வரும்போது அது முழுக்கத் துவண்டு, அந்த வளைவில் ஒவ்வொரு சுற்றுக்கும் அசைகிறது. நம் பழைய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. கேரியரில் மூட்டை ஏறும் என்று தெரிந்தே வைத்த எட்டு கம்பி அவை.

அப்புறம் சாப்பாடு. தசை, உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் மிதியாக மாற்றும். ஆறு மணி நேரத்துக்கு 75 வாட் கொடுக்கச் சுமார் 1,600 கலோரி வேண்டும், ஒன்றேகால் கிலோ சோறு. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இது. தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்து 400, 500 கிராம் அளவில்தான் சேமிப்பில் இருக்கும். கொழுப்பு நிறைய இருந்தாலும் மெதுவாகத்தான் எரியும். அதனால் பசிக்கும் முன்பே கடலை மிட்டாயோ வாழைப்பழமோ வாயில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் கால் திடீரென்று வெறும் கட்டையாகிவிடும்.

மீதி முக்கால் பங்கு வெப்பம். அதை வெளியேற்ற நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். ஈரானின் வறண்ட வெயிலில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்து, சட்டையில் உப்பு மட்டும் பூத்திருக்கும். டெல்டாப் புழுக்கத்தில் அது சொட்டிக் கீழே விழுகிறது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உப்பு போய்க்கொண்டிருக்கையில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உப்பு போட்ட நீராகாரமும் மோரும் இதற்கு அருமையான மருந்து, மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

நம்மவர் ஆடி மாதத்தில் திருச்சி வந்து சேர்கிறார். இனி கிழக்கே தஞ்சாவூர், அங்கிருந்து மன்னார்குடி. சின்ன வயதில் என்னை எதிர்த்து நின்ற காற்று இப்போது அவர் முதுகில். அது 20 கிலோமீட்டரில் வீச, அவரும் 20இல் போனால் காற்றுத் தடை பூஜ்யம். டயருக்கு மட்டும் சுமார் 35 வாட், பாதி ஃபேன். ஆனால் உடம்பைச் சுற்றிக் காற்று அசையவே அசையாது, காற்றோடு காற்றாக அவரும் போகிறாரே. வியர்வை காயாது, முகம் கொதிக்கும். தஞ்சாவூர் தாண்டி ஏதோ ஒரு புளியமர நிழலில் காலை ஊன்றி நின்ற மறுநிமிடம், அதுவரை எங்கேயும் இல்லாததுபோல் இருந்த காற்று சட்டைக்குள் புகுந்து வீசும்.